முன்வரிசைக்குப் போன லெட்சுமி அக்கா

இன்று காலையும் எங்கள் காஜா பெராங் ஊர்த் திடலில், நாட்டைப் பிடித்த ஜப்பான்காரனின் கட்டாய உடற்பயிற்சி. ரேடியோ பாட்டுக்கு எல்லாரும் கையைத் தூக்கி இறக்குகிறோம். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு தின்ற உடம்பு, பனியோடு பனியாக மிதக்கிறது.

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா மட்டும் தூக்கிய கையை இறக்கவில்லை. உதிக்கும் சூரியனைக் கும்பிட்டபடி கண்ணை மூடிவிட்டார்.

“அக்கா, கையை இறக்குங்க. அறைவான்!”

“இரு தம்பி. சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடிச்சிட்டுப் போன என் வீட்டுக்காரரு உசுரோட வரணும்னு கேட்டுக்கிறேன்.”

ஜப்பான் அதிகாரி நேராக எங்களிடம் வந்தான். அவன் அக்காவை உற்றுப் பார்த்தான். பிறகு முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினான்.

மொழிபெயர்ப்பாளர் கத்தினார்: “இந்தம்மாவுக்குத்தான் ஜப்பானோட சூரியன் மேல மரியாதை இருக்காம். நாளையிலேர்ந்து எல்லாரும் இவங்கள மாதிரியே செய்யணும்!”

ஆக, நாளை திடலே அக்கா வீட்டுக்காரருக்காகக் கும்பிடப் போகிறது. உடம்புக்கும் நல்லதாம். நீங்களும் வருகிறீர்கள்தானே?