வளைவில் உடைத்த பூசணிக்காய்

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். சாமி காரியத்தில் குறை சொல்கிறான் என்று யாராவது நினைத்துவிட்டால்?

உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவில், வற்றின ஏரிக்குள் சுண்ணாம்புக் கோடு போட்டு மோட்டார் சைக்கிள் பந்தயம் விடுவார்கள். ஒரு வருஷம் என் தம்பியும் ஓட்டினான்.

"ஹெல்மெட் போட்டுக்கடா" என்றேன்.

"போண்ணே, சட்டியைக் கவுத்துக்கினு வந்துகீறான்னு சிரிப்பாங்க."

புறப்படும் முன் விழாக்காரர்கள் திருஷ்டி கழித்து, பெரிய பூசணிக்காயை வளைவிலேயே போட்டு உடைத்தார்கள். அங்கேதான் ஆபத்து அதிகமாம். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

முதல் சுற்றிலேயே தம்பியின் முன்சக்கரம் அந்தப் பூசணிச் சதையில் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். தலையெல்லாம் ரத்தம். ஆபத்து வரக்கூடாதென்று உடைத்ததே ஆளைச் சாய்த்துவிட்டதே!

பிழைத்தான். ஒரு காது மட்டும் கேட்காது.

மறுவருஷம் பூசாரியே, "காயைக் கரைமேல ஒடைங்கப்பா, சாமிக்கு அங்கயும் கண்ணு தெரியும்" என்றார். வளைவில் வைக்கோல் கட்டு அடுக்கினார்கள். ஹெல்மெட் இல்லாதவனைக் கோட்டுக்குள் விடவில்லை.

பந்தயம் விடுகிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சாமிமேல் பழி போட்டும் சொல்லவேண்டாம், எங்கள்மேல் இரக்கப்பட்டும் சொல்லவேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.