வீட்டுக் கொடி

அனுமந்தன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற பலருக்கும் இந்த வழக்கம் உண்டு. வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டோம். பந்தலின் ஒரு மூலையில் நான்கைந்து கொடிகளை மருந்து அடிக்காமல் விட்டுவைப்போம். அதற்குப் பெயர் வீட்டுக் கொடி. அந்த மூலைக் கல்தூணில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். மருந்து அடிக்க வருகிறவர் துணியைக் கண்டதும் ஹோஸைத் திருப்பிக்கொள்வார். மற்ற பழமெல்லாம் லாரி ஏறும். வீட்டுக் கொடிப் பழம் மட்டும் வீட்டுக்கு வரும். அதைக் கழுவும் பழக்கம்கூட எங்களுக்கு இல்லை. கொத்தோடு பறித்து அப்படியே தின்போம். என் மகள் நடக்கப் பழகிய நாளிலிருந்து அப்படித்தான் தின்று வளர்ந்தாள்.

நான் பள்ளி ஆசிரியை. தோட்டம் அப்பா வழியில் வந்தது. கணவருக்கு மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் இறங்குவார். அதனால் தோட்டப் பொறுப்பு என் தலையில். மருந்து அடிப்பது அப்பா காலத்திலிருந்தே ஒரே ஆள்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.

சென்ற ஆண்டு மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. சேர்வதற்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் நான் அவளை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

“ரூம் கதவப் பூட்டுனதும் ஒருக்கா இழுத்துப் பாக்கணும் ஆத்தா. பஸ் ஏறுனா போன் போடு. இறங்குனா போன் போடு.”

“நடுவுல மூச்சு விட்டாலும் போன் போடவா? அம்மா, நான் வேலைக்குப் போறேன். சண்டைக்குப் போகல.”

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வரும் வழியில் தோட்டத்தில் இறங்கி, வீட்டுக் கொடியில் இரண்டு கொத்து பறித்து வந்தேன். அவள் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே தின்றாள். எனக்குச் சர்க்கரை இருப்பதால் நான் தொடவில்லை. பழத்தின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பன்னீர் திராட்சைக்கு அந்தச் சாம்பல் பூச்சு இயல்புதான் என்று இருந்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. வாயில் எச்சில் வழிந்தது. “அம்மா, உன் மூஞ்சி மங்கலாத் தெரியுது” என்றாள். பிறகு வாந்தி.

தேனியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என்ன சாப்பிட்டாள் என்று நர்ஸ் கேட்டார். எங்கள் தோட்டத்துப் பழம் என்றேன். அவர் ஊசியைப் பிரித்தபடியே கேட்டார்: “வீட்டுக்குன்னு தனியா விட்டிருப்பீகளே, அதுலயும் மருந்தா?” அவரும் எங்கள் பள்ளத்தாக்குக்காரர்தான் போல. நான் தலைகுனிந்தேன்.

மறுநாள் காலை மருந்து அடிக்கிறவர் விசாரிக்க வந்தார். கையில் இரண்டு இளநீர். வராந்தாவில் இருபது பேர் பார்க்க நான் கத்தினேன். “கண்ண எங்க வச்சிருந்த? குடிச்சிட்டு அடிச்சியா?” அதுவரை அவரை நான் ஒருமையில் அழைத்ததே இல்லை. குடிக்காத மனிதர் அவர்.

அவர் இளநீரைக் கீழே வைத்தார். “துணியக் காணமேன்னு போன் போட்டேன்ல டீச்சர். நீங்கதான சொன்னீக, இந்தத் தடவ எல்லாத்துக்கும் அடிச்சிருங்கன்னு.”

“பொய் சொல்லாத.”

அவர் போனை எடுத்து நீட்டினார். வெள்ளி காலை ஒன்பது நாற்பத்திரண்டு. என் பெயர். ஒரு நிமிடத்துக்கு மேல் பேசியிருக்கிறோம்.

எனக்கு நினைவில்லை. இன்றுவரை அந்த ஒரு நிமிடம் வரவில்லை. அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, கோயம்புத்தூர் விடுதிக்குப் போன் போட்டு, வாட்ச்மேன் உண்டா, சுவர் எவ்வளவு உயரம், தண்ணீர் வடிகட்டி வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வார்டன் சொன்னது சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. அந்த விசாரணைகளுக்கு நடுவேதான் மகள் தின்னும் கொடிக்கு மருந்து அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

சிவப்புத் துணி மோட்டார் அறையில் கிடைத்தது. கசிந்த குழாயைச் சுற்றிக் கட்டியிருந்தது. முடிச்சு என் முடிச்சு. அதைப் பார்த்ததும், அவிழ்த்தது மட்டும் நினைவுக்கு வந்தது. திரும்பக் கட்டிவிடலாம் என்று நினைத்ததும் வந்தது.

மூன்று வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது போட்டிருந்த சட்டையின் பொத்தான் நிறம் என்னால் சொல்ல முடியும். இப்படி எதையெதையோ சேர்த்துவைத்திருக்கிறேன். தேவையான ஒன்று அங்கே இல்லை. ஒரே வகுப்புக்கு இருமுறை வருகை எடுத்ததையும், பால் பாத்திரத்தை இருமுறை கருகவிட்டதையும் யாரிடமும் சொல்லாமல் மறைத்திருந்தேன். வயது ஆனால் இதெல்லாம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான் பெரிய பொய்.

இன்னொன்றும் இருக்கிறது. மருந்து அடித்தால் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. வியாபாரி அவசரப்படுத்தினால் அந்தக் கணக்கை நாங்கள் பார்ப்பதில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் சந்தையில் வாங்கித் தின்பது அந்தப் பழத்தைத்தான். துணி கட்டிய தூணைப் பார்த்தபோதெல்லாம் நான் நல்ல தாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

நான்காம் நாள் வீட்டுக்கு வந்தோம். மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். “டாக்டர்ட்ட காமிம்மா” என்றாள். காட்டினேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தலையில் ஒன்றும் இல்லை, கவலையைக் குறைத்துத் தூங்குங்கள் என்றார்கள்.

“தலையில ஒண்ணும் இல்லன்னு இருபத்தஞ்சு வருஷமா நானும் சொல்றேன், ஸ்கேனுக்குப் போனாளாம்” என்றார் கணவர். அவர் மட்டும் சிரித்தார்.

பெட்டியோடு கிளம்பும்போது அவள் மருந்து அடிக்கிறவரின் எண்ணைத் தன் போனில் பதிந்துகொண்டாள். இப்போது அவர் எதைக் கேட்டாலும் அவளிடம்தான் கேட்கிறார். நான் எதிரே நின்று ஏதாவது சொன்னால், “பாப்பாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறேன் டீச்சர்” என்கிறார், மரியாதையாக. வராந்தாவில் கத்தியதற்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாள் போகப் போகக் கேட்பது கடினமாகிக்கொண்டே போகிறது.

பூட்டினாயா, இழுத்துப் பார்த்தாயா என்று இப்போது கேட்பது அவள். “கேஸ மூடிட்டியா? போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு, நான் லைன்லயே இருக்கேன்.” போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தாள். சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் நான் தோட்டத்துக்குப் போனேன். துணி தூணில் இருந்தது, தொட்டும் பார்த்தேன். இரண்டு கொத்து பறித்து, வாழ்க்கையில் முதல்முறையாக நான்கு தண்ணீரில் கழுவி, தட்டில் வைத்து நீட்டினேன்.

“அடிக்கல ஆத்தா. நான் பாத்துட்டுத்தான் பறிச்சேன்.”

அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “இரும்மா” என்று போனை எடுத்தாள்.

“அண்ணே, வீட்டுக் கொடிக்கு ஏதும் அடிச்சீகளா?”

ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. “இல்ல பாப்பா. அங்கன நான் போகவே இல்ல. தைரியமாச் சாப்பிடு.”

அதன் பிறகு ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். இனிப்பாக இருக்கிறது என்றாள். இன்னொன்றும் எடுத்தாள். அவள் பேசி முடிக்கும்வரை நீட்டிய தட்டு, அப்போதும் நீட்டியபடியே என் கையில் இருந்தது.