மாமா அம்மாவை விரட்டிய சனிக்கிழமை

ஐந்தாம் வகுப்புக் கொப்பிகள் முப்பத்தாறு என் மேசையில் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே பயிற்சிதான்: 'செலுத்து' என்பதற்கு ஒத்த சொற்களை எழுதி வாக்கியத்தில் அமைக்க வேண்டும். முப்பத்தாறு பேரும் 'சாரதி வண்டியைச் செலுத்தினார்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். யார் அந்தச் சாரதி, எந்த ஊருக்குப் போகிறார், யாருக்கும் தெரியாது. சரி போட்டுப் போட்டு எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. ஆனாலும் பிள்ளைகளைத் திட்ட மனம் வரவில்லை. வீட்டுச் சங்கதியை எடுத்து வாக்கியத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

எனக்கும் அப்போது ஐந்தாம் வகுப்பு. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். அம்மாவுக்குப் பால் வெட்டும் வேலை, அப்பாவுக்கு ரப்பர் ஸ்டோரில் வேலை. அம்மாவின் அண்ணன்தான், அதாவது என் மாமாதான், அம்மாவுக்குக் கங்காணி. வெயில் ஏறினால் மரம் பால் விடாது. அதனால் விடிந்தும் விடியாமல் பெரட்டுக்களத்துக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட வேண்டும். பிந்திப் போனவர்களுக்கு அன்றைக்கு வேலை கிடையாது, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். விரட்டிவிட்டார்கள் என்பார்கள் அதை.

அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் அம்மா ஒரு நாள் வீட்டில் இருந்தால் அவருக்குப் பொறுக்காது. காய்ச்சல் என்றாலும், "நாலு மரம் வெட்டுனா வேர்த்துச் சரியாப் போயிரும், எந்திரி" என்பார்.

ஒரு சனிக்கிழமை நானும் அம்மாவோடு போனேன். வழியில் பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீரில் முகம் கழுவிய அம்மா, அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து தலையை அவிழ்த்து வாரத் தொடங்கினாள்.

"அம்மா, பிந்துதும்மா."

"பிந்தட்டும்டி."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்க்காமல், ஓரத்தில் நின்ற வாழை மரத்தைப் பார்த்துக் கத்தினார்.

"மணி என்ன? பால் எல்லாம் காஞ்சப்பறம் வந்து எத வெட்டப் போற? பரக்கு! பிந்திட்ட! வேல இல்ல, வீட்டுக்குப் போ!"

சுற்றி நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். "கூடப்பொறந்தவன்னும் பாக்க மாட்டேங்குறாரே" என்றாள் ஒருத்தி. எனக்கு மாமாவைக் கடிக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

வீட்டுக்கு வந்த அம்மா காலைக்கூடக் கழுவவில்லை. பாயை விரித்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் மத்தியானம் வரை எழும்பவில்லை. அழுகிறாள் என்று நினைத்தேன். தேத்தண்ணி போட்டுக்கொண்டு போய் வைத்தேன், அது ஆறி ஆடை கட்டிப்போனது. சாயங்காலம் அப்பா வந்ததும், "அண்ணன் வெரட்டிட்டாருங்க" என்றாள். அப்பா மாமாவை இரண்டு வார்த்தை திட்டிவிட்டுக் குளிக்கப் போனார்.

அடுத்த வாரம் எங்கள் டீச்சர் கரும்பலகையில் ஐந்து சொற்களை எழுதினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "புத்தகத்தில இருந்து வேண்டாம் பிள்ளையள். உங்கட வீட்டில நடக்கிறதை எழுதுங்கோ" என்றார். நான் இப்படி எழுதினேன்:

சித்தப்பா த்ரீவீல் ஓட்டுகிறார்.
நாங்கள் சித்தப்பாவின் த்ரீவீலைத் தள்ளுகிறோம்.
கோயிலில் நேர்த்திக்கடன் செலுத்தினோம்.
அப்பா தினமும் அம்மாவை வேலைக்கு முடுக்குகிறார்.
மாமா அம்மாவை விரட்டினார். அம்மா அழுது அழுது படுத்துவிட்டார்.

டீச்சருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பெற்றோர் கூட்டத்தன்று சுவரில் ஒட்டிவைத்தார். அப்பா பெருமையோடுதான் வாசிக்கப் போனார். பக்கத்தில் நின்ற ஒருவர் கடைசி வரியைச் சத்தமாக வாசித்துவிட்டு, "அடேயப்பா, தங்கச்சியவே வெரட்டுறாராமே!" என்று சிரித்தார். வீட்டுக்குள் இருந்தவரை அது வெறும் சலிப்பு. சுவரில் ஏறியதும் அப்பாவுக்கு மானம் போய்விட்டது.

அம்மா தடுக்கத் தடுக்க, நேரே மாமாவின் லயத்து வீட்டுக்குப் போனார். "எம் பொண்டாட்டிய நாலு பேர் முன்னால வெரட்ட நீங்க யாரு மச்சான்? நான் தொரகிட்ட போனா ஒங்க கங்காணி வேல இருக்காது!"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

"தப்புத்தான் மாப்ள. இனிமே வெரட்ட மாட்டேன். எவ்வளவு பிந்தி வந்தாலும் பேர் போட்டுர்றேன்."

அன்றைக்கு இரவு அம்மா எனக்குத் தலை வாரும்போது சீப்பு வலித்தது. "ஏன்டி எழுதுன?" என்று மட்டும் கேட்டாள். நல்லது செய்த என்னை எதற்குக் கேட்கிறாள் என்று கோபித்துக்கொண்டேன்.

பல வருடங்கள் கழித்து, மாமா இறந்து முப்பதாம் நாள் காரியம் முடிந்து பாத்திரம் கழுவும்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். "மேலுக்கு முடியலண்ணே, ரெண்டு நாள் ஒறங்கணும்னு நான்தான் கேட்டேன். 'பிந்தி வா, நான் வெரட்டுறேன். நான் வெரட்டுனா மாப்ள ஒன்னைய ஒண்ணும் சொல்ல முடியாது'ன்னாரு. மாசத்துல ஒரு நாளு, ரெண்டு நாளு அப்படித்தான் ஒறங்குனேன்." அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சுவரில் அத்தனை பேர் வாசித்தார்களே, 'முடுக்குகிறார்' என்ற நான்காவது வாக்கியத்தில் ஒருவர் கண்ணும் நிற்கவில்லை. எழுதிய எனக்கே அது உறைக்கவில்லை.

மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு அம்மா ஒரு நாள்கூட விரட்டப்படவில்லை. காய்ச்சலோடும் போனாள், கால் வீங்கியும் போனாள். இருட்டோடு அப்பா அவளை எழுப்பும் சத்தமும், அவள் வாளியை எடுத்துக்கொண்டு படி இறங்கும் சத்தமும் எனக்குப் பாதித் தூக்கத்தில் கேட்கும். என் அம்மாவை இனி யாரும் விரட்ட முடியாது, அதைச் செய்தது நான் என்று நினைத்துக்கொண்டு, போர்வையை இழுத்து மூடி இன்னும் கொஞ்ச நேரம் தூங்குவேன்.