என் குரல் இல்லாத பாட்டு

இருபத்திரண்டு வருஷமாக நான் சினிமாப் பாட்டுகளில் கோரஸ் பாடி வருகிறேன். நாலைந்து பெண்கள் ஒரே மைக்கைச் சுற்றி நின்று, நாயகி ஓடும்போது "ஆ" என்றும், நாயகன் அழும்போது "ஓ" என்றும் பாடுவோம். சில நாள் டிராக் பாடக் கூப்பிடுவார்கள். டிராக் என்றால் தற்காலிகக் குரல். பெரிய பாடகி வந்து பாடுகிற வரை அந்த இடத்தை நம் குரல் பிடித்து வைத்திருக்கும். பிறகு அழித்துவிடுவார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. அதுதான் வேலை என்று தெரிந்தேதான் போனேன்.

போன வருஷம் நவம்பரில், பாடகர்களை ஏற்பாடு செய்கிற தம்பி போன் செய்தான். "அக்கா, இது டிராக் இல்ல. சோலோ. உங்க வாய்ஸ்தான் ஃபைனல்."

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து காலை எட்டு மணிக்கே கிளம்பி வடபழனிக்குப் போனேன். பத்து மணிக்கு ஆரம்பித்து ஒன்றரை வரை பாடினேன். இசையமைப்பாளருக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவாக இருக்கும். கடைசி டேக் முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இந்த வாய்ஸ இத்தனை நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார். வெளியே வரும்போது உதவியாளர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டி, என் பெயருக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங் எழுதித் தரச் சொன்னார். பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அப்படியும் ஒரு எழுத்தை அடித்துத் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

தாம்பரம் வரை ரயிலில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்க்கிறார். போனில் சொன்னதும், "நெஜமாவா? நெஜமாவா?" என்று நாலு தடவை கேட்டார். மறுநாள் ஆபீஸுக்கு ஸ்வீட் பாக்ஸ் எடுத்துக்கொண்டு போனார். கல்லூரியில் படிக்கிற மகள் தன் தோழிகளுக்கெல்லாம் மெசேஜ் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் கடவுளுக்கு நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை போட்டோம். பாஸ்டர் ஐயா என் பெயரை வாசித்தபோது பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அதே வாரம் பாடகர் குழுப் பயிற்சி தொடங்கியது. எங்கள் சபையில் கிறிஸ்மஸ் அதிகாலை ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன்னால் ஒரு பழைய கீர்த்தனையை ஒருவர் மட்டும் பாடுவார். பதினோரு வருஷமாக அதைப் பாடியவர் இரும்புலியூரில் தையல் வேலை செய்கிற அக்கா. எனக்குப் பக்கத்தில்தான் நிற்பார். அன்று குழுவை நடத்துகிற சார், "இந்த வருஷம் சிஸ்டர் பாடட்டும். சினிமாவுல பாடுறவங்க நம்ம சபையில இருக்காங்கன்னு வர்றவங்களுக்குத் தெரியட்டுமே" என்றார்.

அக்கா பாட்டு நோட்டை மூடினார். "பாடட்டும் சார். நல்லாதான் பாடுவா."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு அந்தப் பாட்டு வேண்டியிருந்தது. பல வருஷமாக வேண்டியிருந்தது.

டிசம்பர் பிறந்தது. வீட்டுக்காரர் ஒரு வாரம் லீவு போட்டு முன் சுவருக்கு பெயின்ட் அடித்தார். மகள் கிறிஸ்மஸ் குடிலுக்கு வைக்கோலும் மணலும் தேடினாள். கேக்குக்காக உலர்ந்த திராட்சையையும் செர்ரியையும் ஊறப்போட்டேன். திரைச்சீலைகளைத் துவைத்தேன். வாசலில் ஸ்டார் கட்டுகிற வயர் பரணில் இருந்தது. அதை எடுக்க ஏணியில் ஏறிப் பரணில் உட்கார்ந்து தூசி தட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அந்தத் தம்பியின் போன் வந்தது.

"அக்கா, கோச்சுக்காதீங்க. புரொட்யூசர் சைடுல வேற வாய்ஸ் கேட்டாங்க. மும்பைல ஒரு சிங்கர் பாடி அனுப்பிட்டாங்க. நல்லாதான் வந்திருக்கு. ஆரம்பத்துல வர்ற உங்க ஹம்மிங்க மட்டும் வெச்சுக்கலாமான்னு பேசினாங்க. ஆனா அதுவும் டவுட்தான் அக்கா."

"சரிப்பா."

"அட்வான்ஸ் ஹாப்பி கிறிஸ்மஸ் அக்கா."

வைத்துவிட்டான். நான் வயர் சுருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழேயிருந்து வீட்டுக்காரர் தலையைத் தூக்கி, "யாரு போன்ல?" என்றார்.

"ஸ்டுடியோலேருந்து."

"ரிலீஸ் தேதி சொல்றாங்களா?"

"ம்" என்றேன்.

ஒரே ஒரு "ம்". அதற்குப் பிறகு வந்த பத்து நாளும் அதற்கு மேல் கட்டியதுதான். வேலை மட்டும் குறைவில்லாமல் நடந்தது. அச்சு முறுக்கு சுட்டேன். தட்டு டம்ளரையெல்லாம் இறக்கிக் கழுவி அடுக்கினேன். மகளுக்குத் துணி எடுக்கக் குரோம்பேட்டைக்குப் போய்வந்தோம். போகிற இடத்திலெல்லாம் யாராவது, "பாட்டு எப்போ வருது?" என்று கேட்டார்கள். சிரித்தேன். இரண்டு முறை வீட்டுக்காரரிடம் சொல்ல வாயெடுத்தேன். ஒரு முறை அவர் பெயின்ட் பிரஷ்ஷோடு திரும்பி, "எங்க சீஃப் உன்னப் பார்க்கணும்னு சொல்றார்" என்றார். இன்னொரு முறை மகள் உள்ளே வந்துவிட்டாள். ஆனால் அதெல்லாம் சாக்குதான். பாட்டு போனதை என்னால் தாங்க முடிந்தது. என் குரலை அழித்தது அது முதல் தடவை அல்ல. ஸ்வீட் பாக்ஸோடு ஆபீஸுக்குப் போன மனிதனின் முகம் மாறுவதைப் பார்க்கத்தான் முடியாது என்று தோன்றியது.

எதிர்வீட்டு அம்மா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். இந்தத் தெரு இருக்கிற இடமெல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் வீட்டு நிலம். அவர் ஒருநாள் கேட்டருகே நின்று, "பாட்டு வர்ற அன்னிக்கு எங்க வூட்டுக்கு வந்துடுங்க. டிவி பெருசா கீது. அல்லாரும் ஒண்ணா குந்திப் பாக்கலாம். இன்னா சொல்ற?" என்றார். எனக்கு முன்பே மகள், "சூப்பர் ஆன்ட்டி" என்றுவிட்டாள்.

கிறிஸ்மஸுக்கு ஐந்து நாள் முன்பு, சாயங்காலம் ஆறு மணிக்குப் பாட்டு வெளியானது. எதிர்வீட்டு ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர். மகள் தன் போனை டிவியோடு இணைத்தாள். தொடங்குகிற நிமிஷத்தில்கூட, ஒருவேளை அந்த ஹம்மிங்காவது இருக்கலாம் என்று ஒரு நப்பாசை எனக்குள் இருந்தது. இல்லை. முதல் வரியே வேறொரு பெண்ணின் குரல். மெல்லிய, காற்று கலந்த, இளம் குரல். நான் மெனக்கெட்டு அழுத்திய "ழ" எல்லாம் "ல" ஆகியிருந்தது. குறை சொல்லவும் முடியாது, நன்றாகவே பாடியிருந்தாள்.

யாராவது என் பக்கம் திரும்புவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் திரும்பவில்லை. வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும், "கம்ப்யூட்டர்ல கொஞ்சம் மெருகு போட்டிருக்காங்க, இல்ல?" என்றார்.

"சின்னப் பொண்ணு பாடுறா மாதிரியே கீதும்மா" என்றார் எதிர்வீட்டு அம்மா.

அப்போதுதான் மகள் போனைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மம்மி, உங்க பேரே இல்ல. வேற யாரோ பேரு போட்டிருக்காங்க" என்றாள்.

இப்போது எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "இது அநியாயம். பாடுறது ஒருத்தர், பேரு ஒருத்தருக்கா? நாளைக்கே நான் பேசுறேன்." எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். "வேணாம், விடுங்க" என்று மட்டும் சொன்னேன். அதை என் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மகள் அங்கேயே அந்தப் பாட்டுக்குக் கீழே, இதைப் பாடியது என் அம்மா, ஏமாற்றிவிட்டார்கள் என்று எழுதிப் போட்டுவிட்டாள். எழுதியது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. மும்பையில் ஒரு பெண் உட்கார்ந்து அதைப் படிப்பாள் என்று நினைத்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் பயிற்சிக்குப் போனால் அங்கேயும் அதே பேச்சு. சார் எனக்காக ஜெபமே பண்ணினார். தையல்கார அக்கா மட்டும் ஒன்றும் பேசவில்லை. பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பியதும் ஹால் படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"அது நீ பாடல, இல்ல?"

"எப்படிக்கா தெரியும்?"

"பதினோரு வருஷமா உன் பக்கத்துல நின்னு பாடுறேன். நீ எங்க மூச்சு எடுப்பேன்னு எனக்குத் தெரியாதா?"

அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. "வீட்ல சொல்லிட்டியா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

"சொல்லு. சொல்லாம என் பாட்டப் பாடாத."

முதல் தடவையாக அவர் அதை "என் பாட்டு" என்று சொல்லிக் கேட்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரரும் மகளும் சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்துக் கல்கலா பலகாரம் செய்துகொண்டிருந்தார்கள். மாவை உருண்டையாகக் கிள்ளி, முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்ட வேண்டும். வீட்டுக்காரருக்கு அது நன்றாக வரும். நான் செருப்பைக் கழற்றியதும் நின்றபடியே சொன்னேன்.

"அந்தப் பாட்டுல இருக்கிறது என் குரல் இல்ல. மாத்திட்டாங்க."

அவர் கை நின்றது. "எப்போ மாத்தினாங்க?"

"பத்து நாளாச்சு. பரண்ல இருந்தப்ப போன் வந்துச்சே."

"நான் ஏணியப் புடிச்சிக்கிட்டு நின்னேனே, அப்பவா?"

"ஆமா."

மகள் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் ஓடினாள். தான் எழுதியதை அழித்தாள். அதற்குள் கீழே நாற்பது பேர் பதில் எழுதியிருந்தார்கள், பாதிக்கு மேல் கிண்டல். அவள் தோழிகளும் அதைப் பார்த்துவிட்டார்கள். கதவுக்குப் பின்னால் அவள் அழுவது கேட்டது. நான் கூப்பிட்டேன், திறக்கவில்லை.

வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு வந்தார். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டார். "பாட்டு போனா போகட்டும். நான் அங்க உக்காந்து அழுதேன். அதப் பார்த்துக்கிட்டு நீ பேசாம இருந்தியே."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, முந்தின நாளிலிருந்து அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "இருபத்தி மூணு வருஷமா என் குரலக் கேக்குறீங்க. அது நான் இல்லன்னு உங்களுக்குத் தெரியலயே."

அவர் என்னைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்வருவதாகச் சொல்லிப் போனார். பிசைந்து வைத்த மாவு மேலே காய்ந்துபோயிருந்தது. நான் தனியாக உட்கார்ந்து மீதியை உருட்டிப் பொரித்தேன்.

மறுநாள் காலையில் சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "புரோகிராம்ல உங்க பேரு பிரின்ட் ஆயிடுச்சே சிஸ்டர்" என்றார். "ஆகட்டும் சார். அக்காவைக் கேளுங்க" என்றேன். மும்பைப் பாடகிக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று தோன்றியது. பாடகர்களை ஏற்பாடு செய்கிற தம்பியிடம் கேட்டபோது, "அதெல்லாம் அவங்க பார்க்கவே மாட்டாங்க, விடுங்கக்கா" என்றான். எதிர்வீட்டு அம்மாவிடம் பலகாரத் தட்டோடு போய் நானே சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அட போம்மா. பாட்டப் பத்தி எனக்கு இன்னா தெரியும்? நீ பாடுனன்னாங்க, நல்லா கீதுன்னேன்." அந்த வாரத்தில் நான் மூச்சுவிட்ட இடம் அது ஒன்றுதான்.

கிறிஸ்மஸ் அதிகாலை ஆராதனைக்கு அக்கா வந்தார். வருவாரா என்று கடைசிவரை சாருக்கே தெரியாது. அவர் பாடத் தொடங்கியபோது, கையில் புரோகிராம் வைத்திருந்தவர்கள் பெயரையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நான் இரண்டாவது வரிசையில் நின்றேன். இரண்டாம் சரணத்தில் அவர் குரல் கொஞ்சம் தளர்ந்தது. அந்தப் பாட்டைப் பயிற்சி செய்யாமல் விட்ட நாட்கள் தெரிந்தன. அதற்கு நான்தான் காரணம். பாடி முடித்து என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. அடுத்த பாட்டுக்கு நோட்டில் பக்கத்தைத் திருப்பி, எனக்கும் தெரிகிற மாதிரி சற்றுச் சாய்த்துப் பிடித்தார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்தது. இன்றுவரை அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

மதியம் பிரியாணி, விருந்தாளிகள், எல்லாம் நடந்தது. வீட்டுக்காரர் வந்தவர்களோடு கலகலப்பாகப் பேசினார். என்னிடம் வேண்டியதை மட்டும் கேட்டார். மகள் சாயங்காலம் என் தோளில் வந்து சாய்ந்துகொண்டாள். அவள் சீக்கிரம் தேறிவிட்டாள்.

ஜனவரியில் கோரஸுக்குக் கூப்பிட்டார்கள். போனேன். இப்போதும் போகிறேன். முன்பெல்லாம் நான் திரும்பி வந்ததும், இன்று என்ன பாட்டு, யார் படம் என்று வீட்டுக்காரர் கேட்பார். இப்போது கேட்பதில்லை. கோபம் என்று சொல்ல முடியாது, மற்ற எல்லாம் பழையபடிதான். போன மாதம் ஒருநாள் சமையலறையில் என்னையறியாமல் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ஹாலில் டிவி சத்தம் குறைந்தது. நான் நிறுத்திவிட்டேன். சிறிது நேரம் கழித்து டிவி சத்தம் பழையபடி கூடியது. என் குரலைக் கேட்கத்தான் குறைத்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.