சனிக்கிழமை ஐந்து மணிக்குள்

வீட்டில் அவளைக் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். குருவி வைக்கோலை உதிர்ப்பதுபோலப் போகிற இடமெல்லாம் காகிதத்தை உதிர்த்துவிட்டுப் போவதால் வந்த பெயர். பள்ளிப்படிப்பின் கடைசி வருடம் அது. ஐந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடவேண்டும். மதிப்பெண் பட்டியல் துணி அலமாரியில் கிடந்தது. கடவுச்சொற்கள் காலண்டரின் பின்பக்கத்தில் இருந்தன. தன்னைப் பற்றி எழுதிய கட்டுரை செல்போனில் மூன்று விதமாக இருந்தது. எதைக் கடைசியாகத் திருத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. யாராவது விசாரித்தால் "எல்லாம் போய்க்கிட்டிருக்கு" என்பாள். உண்மையில் ஒன்றும் நகரவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குக் கிளம்பிய அம்மா சாப்பாட்டு மேசையைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"மூணு மணிக்கு வருவேன். அதுக்குள்ள இதுல ஒரு தட்டு வைக்கவாவது இடம் வேணும்."

"நாளைக்குப் பண்றேம்மா."

"போன வாரமும் நாளைக்குன்னுதான் சொன்ன."

அம்மா குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே குருவிக்குச் சுருக்கென்றது. கதவு சாத்தியதும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய் அறைத் தரையில் கொட்டினாள். பழைய செருப்புப் பெட்டிகளின் மூடிகள் ஐந்தை எடுத்து, கல்லூரிக்கு ஒன்றாக வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் கடைசித் தேதி, முடிந்தது என்ன, பாக்கி என்ன என்று எழுதிக்கொண்டே வந்தாள். மூன்று மூடிகள்வரை வேலை ஓடியது; மணி இரண்டாகியிருந்தது. நான்காவதில் கை நின்றுவிட்டது.

அது கண் பரிசோதனைப் படிப்புக்கான கல்லூரி. அம்மாவின் கடையில் ஒருவர் முதல்முறை கண்ணாடி போட்டுக்கொண்டு, எதிர்ச்சாரிக் கடைகளின் பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்தபடி நகராமல் நின்றதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு அந்தப் படிப்பின்மேல்தான் கண். கடைசித் தேதி அடுத்த சனிக்கிழமை என்று மனதில் போட்டு வைத்திருந்தாள். தாளில் இருந்ததோ இன்றைய தேதி. மாலை ஐந்து மணி.

இன்னொன்றும் தெரிந்தது. வேதியியல் சாரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டிருந்தாள். "காலேஜ் லிங்க் அனுப்பு, லெட்டரைப் போட்டுடறேன்" என்றிருந்தார். லிங்க் உள்ள மின்னஞ்சல் அனுப்பப்படாமல் அவளிடமே தூங்கிக்கொண்டிருந்தது. உடனே அனுப்பிவிட்டு, சாருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. வீட்டு எண்ணில் அவர் மனைவி எடுத்தார்.

"அவர் பல் டாக்டர்கிட்ட போயிருக்காரும்மா. மார்க்கெட் பக்கத்துல, மாடியில."

குருவி ஓடினாள். சார் அப்போதுதான் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, கன்னத்தில் பஞ்சை அடக்கியபடி வெளியே வந்து உட்கார்ந்திருந்தார். அவள் மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும், பாதி மரத்த வாயால் பேசப் பார்த்தார்.

"எளுழி மூணு வாழம் ஆச்சு."

"என்ன சார்?"

அவர் கையைக் காட்டி அடக்கிவிட்டுப் போனில் எழுதிக் காட்டினார்: 'எழுதி மூணு வாரம் ஆச்சு. உன் லிங்குக்குத்தான் காத்திருந்தேன்.' அங்கேயே இரண்டு நிமிடத்தில் கடிதத்தை ஏற்றிவிட்டு, போ போ என்று கையை அசைத்தார். அவளுக்கு அவர் காலில் விழலாமா என்றிருந்தது. நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றே முக்கால். வந்திருந்த அம்மா தரையையும் மூடிகளையும் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, கடையில் கண்ணாடியை வெளிச்சத்தில் பார்ப்பதுபோல விண்ணப்பத்தை வரி வரியாகப் பார்த்தாள்.

"பொறந்த தேதி தப்பு."

"சரியாத்தாம்மா இருக்கு."

"அன்னைக்கு நானும் அங்கதான் இருந்தேன்டி. எட்டாம் தேதி."

குருவி ஏழு என்றிருந்ததை எட்டாக்கினாள். நாலு இருபதுக்கு அனுப்பினாள். 'பெற்றுக்கொண்டோம்' என்று பதில் வந்ததும் இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

இருட்டுவதற்குள் இன்னும் இரண்டை அனுப்பினாள். மற்ற இரண்டுக்கும் நிஜமாகவே நாள் இருந்தது. மூடிகளைப் பார்த்து இரண்டு தடவை உறுதி செய்துகொண்டாள். சில மாதம் கழித்து மூன்று கல்லூரிகள் இடம் தந்தன. கண் பரிசோதனைப் படிப்புக்கான கல்லூரியும் அவற்றில் ஒன்று. அதில்தான் சேர்ந்தாள்.