சத்தம் வெளியே வராத அறை

என் கணவர் அன்று எழுதிய பத்து இலக்கங்கள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. எழும்பூரில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசை. அவர்கள் நீட்டிய படிவத்தில் பெயர், முகவரி, வீட்டு போன் நம்பர் என்று வரிசையாகக் கட்டங்கள். பள்ளிக்கூட விண்ணப்பத்திலிருந்து கேஸ் இணைப்பு வரைக்கும் வீட்டு நம்பர் என்று எங்கே கேட்டாலும் தன் அப்பாவின் நம்பரையே எழுதிப் பழகிய கை அது. அன்றும் யோசிக்காமல் எழுதிவிட்டது. அந்த அப்பாவிடம்தான் காலையில், கம்பெனியில் பெங்களூருக்கு டூர் அழைத்துப் போகிறார்கள் என்று பொய் சொல்லிவிட்டு வந்திருந்தோம்.

பொய்க்குக் காரணம் ஒரு சுவர். ஆவடியில் தொழிற்சாலை வேலையில் இருந்தபோது, திருநின்றவூரில் மனை மலிவாகக் கிடைத்த காலத்தில் என் மாமனார் கட்டிய வீடு அது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அறையின் சுவர் கூரையைத் தொடாமல் இரண்டடி கீழேயே நின்றுவிட்டது. காற்று வரட்டும் என்று விட்டாராம். மாமியார் நான் மருமகளாக வருவதற்கு முன்பே தவறிவிட்டதால் வீட்டில் நாங்கள் மூன்றே பேர். உள்ளே நானும் கணவரும், வெளியே கூடத்தில் மாமனாரின் கட்டில். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் வீட்டில் சுவரே பாதிதான்.

எனக்கு அம்பத்தூரில் வேலை. அயனம்பாக்கம் பக்கம் ஒரு ஃபிளாட் எடுத்துப் போய்விட வேண்டும் என்பது என் கட்சி. அப்பாவைத் தனியாக விட முடியாது என்பது கணவர் கட்சி. மாமனாரோ தான் கட்டிய வீட்டைவிட்டு அசையமாட்டார். மூன்று வருடம் இந்தச் சண்டையை நாங்கள் குசுகுசுவென்றே போட்டோம். கோபம் மிஞ்சினால் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு போனில் மெசேஜ் தட்டித் திட்டிக்கொண்டோம். தும்மல் வந்தும் தும்ம முடியாத அவஸ்தை அது. கடைசியில் நான்தான் சொன்னேன், ரெண்டு நாள் சிட்டியில் ரூம் போடுவோம், வாய்விட்டுச் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வருவோம் என்று. ஞாயிறு சாயங்காலத்துக்குள் தனிவீட்டுக்குச் சரி சொல்லாவிட்டால் நான் தூத்துக்குடிக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றும் சொல்லியிருந்தேன். வீம்புக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே போயிருப்பேன்.

ஊரில் இருப்பவர்கள் பீச் பார்க்க சிட்டிக்குப் போவார்கள். நாங்கள் சண்டை போடப் போனோம். கிளம்பும்போது மாமனார் தன் குரங்குக் குல்லாவைக் கொண்டுவந்து என் பையில் திணித்தார். "பெங்களூர்ல குளுரு ஜாஸ்தி கண்ணு. காத மூடிக்கினு போ."

மேசைக்குப் பின்னால் நின்றவர் எங்கள் ஆதார் அட்டைகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். கணவருடையதில் திருநின்றவூர். என்னுடையதில் இன்னும் அப்பா பெயரும் தூத்துக்குடி முகவரியும். நான் கல்யாண போட்டோவைக் காட்டினேன். கழுத்தில் கிடந்த தாலியையும் வெளியே எடுத்துப்போட்டேன். அவர் மரியாதையாகவே, "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். ஒருத்தர் உள்ளூரு, ஒருத்தர் வெளியூரு. வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கினா எங்களுக்கும் சேஃப்டி" என்றார். எங்களுக்குப் பின்னால் பெட்டிகளோடு நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். திறந்திருந்த பையில் சித்திரை வெயிலுக்குக் குரங்குக் குல்லா வேறு எட்டிப் பார்த்தது. வேண்டாம் என்று கணவர் கையை நீட்டுவதற்குள் அவர் படிவத்தைப் பார்த்து நம்பரைப் போட்டுவிட்டார். ஸ்பீக்கரில் மணி அடித்தது.

"சார், எழும்பூர்ல ஹோட்டல்லருந்து பேசறோம். உங்க பையன்னு ஒருத்தர், கூட ஒரு லேடி..."

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழும்பூரா?" என்றார் மாமனார். பிறகு குரல் மாறியது. "ஆமாபா. என் புள்ளையும் மருமவளுந்தான். நான்தான் அனுப்சிக்கீறேன். ரூம குடு."

மேசைக்காரர் போனை வைக்கப் போனார். ஆனால் மாமனார் முடிக்கவில்லை. "தோ பாரு நைனா, நல்ல கதவு கீற ரூமா பாத்துக் குடு. உள்ள பேசறது வெளிய கேக்காத ரூமா. பாவம், ஊட்ல மெதுவா பேசிப் பேசியே அதுங்களுக்குத் தொண்ட கட்டிகிச்சு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் சாவியை வாங்கிக்கொண்டு லிஃப்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன்.

கனமான கதவுள்ள அறைதான் கொடுத்தார்கள். வாய்விட்டுக் கத்த வந்த நாங்கள் அதற்குள் உட்கார்ந்து ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை. மூன்று வருடத்தில் நான் சொன்னவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. "இவர் இருக்கிற வரைக்கும் நமக்கு விடிவே கிடையாது." அதைச் சொன்னதற்கு மறுநாள் காலையில் எனக்கு நேரமாகிவிட்டது என்று மாமனாரே இட்லி கட்டிக் கொடுத்து, ஸ்டேஷன் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். அதைக் கணவரிடம் சொன்னபோது அவர், "நீ சொன்னது மட்டுமா? நான் பதில் சொல்லாம படுத்திருந்ததும் அவருக்குக் கேட்டிருக்கும்" என்றார். எந்த முடிவும் எடுக்காமல் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினோம்.

மாமனார் வாசலிலேயே நின்றிருந்தார். "இன்னா, பெங்களூர் எப்டி கீது? குளுரா?"

கணவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். "குளிருதான் மாமா" என்றேன் நான். "சொன்னேன்ல" என்று குல்லாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. இரண்டு மாதம் கழித்து அவரே அயனம்பாக்கத்தில் வாடகைக்கு ஒரு ஃபிளாட் விசாரித்துக்கொண்டு வந்தார். அவரே நின்று வண்டியில் சாமான் ஏற்றினார். தான் மட்டும் ஏறவில்லை. நான் கேட்டது கிடைத்தது, சந்தோஷமாக இல்லை.

இப்போது எங்களுக்கு மூன்று கதவுகள். தாராளமாகக் கத்திச் சண்டை போடுகிறோம். ஞாயிறு தோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் திருநின்றவூர் போகிறோம். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்க நினைத்துக் கேட்காமல் திரும்பினேன். கேட்க வேண்டுமென்றால், நான் சொன்னது அவர் காதில் விழுந்தது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் அவர் இடமே கொடுக்கவில்லை.

போன மாதம் அவர் எங்களுக்காக நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். கணவர் கடைக்குப் போயிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லச் சொன்னேன்: "மாமா, இங்க உள் ரூம்ல நான் ஒரு வார்த்தை சொன்னேன். இவர் இருக்கிற வரைக்கும்னு..."

அவர் நிமிரவில்லை. "இன்னா கண்ணு? முப்பது வருசம் மிசின் சத்தத்துல நின்னவன் நானு. எனுக்கு ஒண்ணியும் கேக்கல."

எழுந்து போயிருக்கலாம். போகச் சொல்லித்தான் அவர் அப்படிச் சொன்னார். நான் போகவில்லை. பக்கத்து வீட்டம்மா காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்க்கும் அளவுக்கு உரக்கச் சொன்னேன். "நான் சொன்னது தப்பு மாமா. என்னை மன்னிச்சிடுங்க."

மீன் கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. "இப்பக் கேட்டுச்சு" என்றார்.