பொட்டு வைத்த ஒன்பது பாட்டில்கள்

காலை 6.10, தாம்பரம் ரயில் நிலையம். கார்த்திகை மாதத்து மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. மீன்காரர்கள் வைத்திருப்பது மாதிரி ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி என் கையில். உள்ளே இரண்டு பழைய துண்டுகள். அன்று எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள். நல்ல நாளும் அதுவுமாக விடிந்ததும் மனைவியை விட்டுவிட்டு ஒருவன் சாலவாக்கம் பக்கம் எதற்குக் கிளம்புவான்? ஒரு பாட்டில் ஒயினுக்காகத்தான்.

எனக்கு ஒயின் சேர்க்கும் பைத்தியம் உண்டு. குடிப்பது மாதத்துக்கு இரண்டு கிண்ணம். பேசுவது மாதம் முப்பது நாளும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நானும் என் மனைவி கௌரியும் நாசிக் போயிருந்தபோது, ஒரு திராட்சைத் தோட்டத்தில் அவளே ஒரு சிவப்பு ஒயினைத் தேர்ந்தெடுத்தாள். லேபிளின் மேல் பால்பாயின்ட் பேனாவால் "இருபத்தஞ்சுக்கு" என்று எழுதிக் கொடுத்தாள். அந்தப் பாட்டிலைத்தான் எடுத்துவரப் போனேன்.

ஒயினுக்குச் சூடு ஆகாது, அசைவு ஆகாது, வெளிச்சம் ஆகாது. எங்கள் வீடோ மொட்டை மாடிக்கு நேர் கீழே. சித்திரையில் சுவரைத் தொட்டால் தோசை சுடலாம். என்னோடு ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த ஏகாம்பரம், வேலையை விட்டுவிட்டு ஊரில் நெல் போடுகிறார். அவர் கிணற்றின் பக்கச் சுவரைக் குடைந்து, பதினைந்து அடி ஆழத்தில் ஒரு மோட்டார் குழி. புது மோட்டாரைத் தண்ணீருக்குள்ளேயே இறக்கிவிட்டதால் குழி சும்மா கிடந்தது. கோடையிலும் குளுகுளுவென்று இருக்கும். ஆறு வருடமாக என் ஒன்பது பாட்டில்களும் அங்கேதான் படுத்திருந்தன.

7.15, செங்கல்பட்டு. ரயிலுக்குப் பத்து ரூபாய். அது ஒழுங்காக வந்து சேர்ந்தது. அன்று ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான். ஏழரை மணி பஸ் எட்டேகாலுக்கு வந்தது. ஏறியதும் கண்டக்டர் என் பெட்டியைப் பார்த்தார்.

"மீனா?"

"இல்லைங்க, காலிப் பெட்டி."

"காலிப் பொட்டிய எதுக்கு மடில வெச்சிக்கினு கீற? பின்னாடி போ. வாசன வந்துது, எறக்கி உட்ருவேன்."

இருபத்தெட்டு ரூபாய் கொடுத்து, கடைசி இருக்கையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் எம்பி எம்பி விழுந்துகொண்டே போனேன். இருபது கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும் தூரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். ஏரிகள் நிரம்பி வழிந்தன, சாலை ஓரமெல்லாம் நாற்று நட்ட பச்சை. நன்றாகத்தான் இருந்தது, ரசிக்கிற நிலையில் என் இடுப்பு இல்லை.

9.30, சாலவாக்கம். ஏகாம்பரம் பைக்கோடு காத்திருந்தார். மூன்று கிலோமீட்டர் சேற்றுப் பாதை. வழியெல்லாம் நல்ல சேதியாகவே சொல்லிக்கொண்டு வந்தார்.

"உங்க பாட்டில்லாம் சூப்பரா கீது சார். இந்த வருசம் குழியிலயே ஆயுத பூஜ போட்டோம், நம்ம வூட்ல பளபளன்னு ஆக்கி வெச்சிக்கிறாங்க."

"பளபளன்னா?" என்றேன். "வந்து பாருங்க சார்" என்றார்.

கிணற்றுப் படியில் வழுக்காமல் இறங்கிக் குழிக்குள் டார்ச் அடித்தேன். பழைய மோட்டாருக்குச் சந்தனப் பொட்டு. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பொட்டு. ஸ்பேனர்கள் வரிசைக்குப் பொட்டு. அந்த வரிசையின் கடைசியில் என் ஒன்பது பாட்டில்களும் அட்டென்ஷனில் நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். லேபிள் ஒன்றில்கூட இல்லை. கண்ணாடி பளிங்கு மாதிரி மின்னியது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மேலே ஏறி வந்தபோது ஏகாம்பரத்தின் மனைவி செல்வி சிரித்த முகமாக டீயோடு நின்றார்.

"லேபிளெல்லாம் எங்கேம்மா?"

"அத்த ஏன்ணா கேக்கறீங்க! அந்தக் காயிதம் வரவே மாட்டேன்னுச்சு. சோப்புத் தண்ணில ரெண்டு நாளு ஊறப் போட்டு, தேங்கா நாரு வெச்சி தேச்சி எடுத்தேன். கையே தேஞ்சி பூட்ச்சி."

"பாட்டிலை எதுக்கும்மா கழுவணும்? அது ஆயுதமா?"

"குழில கீற எல்லாத்துக்கும் தானேண்ணா பொட்டு வெக்கறது? ஒன்னுத்த உட்டா அது குறையாப் பூடும். உங்க சாமான்னு தான் மொதல்ல கழுவுனேன்."

"சரி, படுக்க வெச்சிருந்தேனே! கார்க் காயக்கூடாதுன்னு படுக்க வெச்சேன்மா."

"சாமிக்கு முன்னால எத்தயாச்சும் படுக்க வெப்பாங்களா?" என்றார், என் அறியாமைக்காகச் சற்றே வருத்தப்பட்டு.

கோபம் தலைக்கேறியது, இறக்கி வைக்கத்தான் இடம் இல்லை. அந்த அம்மாள் என் பாட்டில்களைத் தன் வீட்டுச் சாமானுக்கு மேலாக மதித்திருக்கிறார். கௌரியின் எழுத்தும் அந்தச் சோப்புத் தண்ணீரில்தான் போயிற்று. டீயை வாங்கிக் குடித்தேன். சர்க்கரை அள்ளிப் போட்டிருந்தார்; அதற்கும் எரிச்சல் வந்தது.

10.40. பாட்டில்களை வெளியே கொண்டுவந்து துப்பு துலக்க ஆரம்பித்தேன். நான்கு பாட்டில்களுக்குத் தோள் சரிந்திருந்தது. நாசிக் பாட்டிலுக்குத் தோள் நிமிர்ந்திருக்கும், அதனால் அவை கழிந்தன. மீதி ஐந்தில் இரண்டின் கழுத்தைச் சுற்றிப் பச்சைத் தகடு; நாசிக் பாட்டிலுக்குக் கருஞ்சிவப்பு, அதனால் அவையும் கழிந்தன. கருஞ்சிவப்புத் தகட்டோடு மூன்று மிஞ்சின. அச்சில் வார்த்த மாதிரி மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்று நாசிக், மற்ற இரண்டும் கர்நாடகம். கார்க்கில் ஊர்ப் பெயர் அச்சடித்திருக்கும்தான். ஆனால் கார்க்கைப் பார்க்கப் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்த ஏகாம்பரம் மெதுவாகக் கேட்டார்: "சார், கம்பெனில சொல்வீங்களே, கண்ண மூடிக்கினு ஒரு வாய் குடிச்சா எந்த ஊரு, எந்த வருசம்னு சொல்லிடுவேன்னு. அப்புறம் லேபிளு இன்னாத்துக்கு சார்?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். கேன்டீனில் பத்து வருடம் நான் அளந்ததை ஒரு வார்த்தை விடாமல் நம்பிய ஒரே மனிதர் அவர்தான்.

"ஆமாம், சொல்லிடுவேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

மூன்றையும் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். மற்ற ஆறையும் மறுபடி படுக்க வைத்தேன். செல்விக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

12.15. சாலவாக்கத்தில் செங்கல்பட்டு பஸ் வரவில்லை. ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, ஏகாம்பரம் பைக்கிலேயே உத்திரமேரூர் கொண்டுபோய் விட்டார். பஸ் ஸ்டாண்டில் அவர் ஒரு யோசனை சொன்னார். "நம்ம ஊருல அந்தக் காலத்துல பானைக்குள்ள ஓல போட்டு ஆள எடுத்தாங்க இல்ல சார்? அந்த மாதிரி மூணுல ஒன்ன எடுத்துடுங்க."

"ஓலையில் பேராவது எழுதியிருந்ததே ஏகாம்பரம்!" என்றேன். அவர் முகம் வாடியது. சொல்லியிருக்க வேண்டாம்.

1.50. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் பெட்டியின் மூடி விலகிய சந்தில் எட்டிப் பார்த்தார். குங்குமம் வைத்த கழுத்து கண்ணில் பட்டதும் செருப்பைக் கழற்றினார்.

"முனீஸ்வரனுக்குப் படச்சதா சார்? எந்த ஊரு முனீஸ்வரன்?"

"இல்லைங்க, இது வேற."

"படச்சத இல்லன்னு சொல்லக் கூடாது சார். செங்கல்பட்டு வந்ததும் ஒரு மூடி குடுத்தா போதும், பிரசாதம்."

செங்கல்பட்டு வரையில் கேட்டுக்கொண்டே வந்தார். பஸ் நிற்குமுன் குதித்து இறங்கினேன்.

மாலை 6.30, வீடு. கௌரி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். மூன்று பாட்டில்களையும் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அழுவாள் என்று பயந்தேன். அவள் குங்குமத்தைத் தொட்டுப் பார்த்து, "நமக்கு நம்ம கல்யாணத்துலகூட இவ்வளவு அழகாப் பொட்டு வைக்கல" என்றாள்.

முதல் பாட்டிலைத் திறந்தேன். முகர்ந்தேன், சுழற்றினேன், கண்ணை மூடி ஒரு வாய் குடித்தேன். சந்தேகமே இல்லை. "இதுதான். நம்ம நாசிக்" என்றேன். கௌரி கார்க்கை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். அப்படியே என்னிடம் நீட்டினாள். கர்நாடகம்.

இரண்டாவதைத் திறந்தேன். இம்முறை அவசரப்படவில்லை. புளிப்பு தூக்கலாக, ரசத்துக்குக் கரைத்த புளித்தண்ணீர் மாதிரி இருந்தது. "இது நிச்சயமா நாசிக் இல்ல. கீழே ஊத்திடலாம்" என்றேன். கௌரி கார்க்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தன் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு, அந்தக் கார்க்கைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

அப்போது போன் அடித்தது. ஏகாம்பரம். பின்னால் செல்வியின் குரலும் கேட்டது. பகலெல்லாம் கவலையில் ஏகாம்பரம் சோறு தின்னவில்லையாம்.

"சார், கண்டுபுடிச்சிட்டீங்களா?"

"முதல் வாயிலேயே, ஏகாம்பரம்" என்றேன்.

"நான் சொன்னேன்ல செல்வி! சாருக்கு லேபிளே தேவல்ல!" என்று அங்கே அவர் கத்தினார். இங்கே கௌரி வாயில் இருந்த ஒயினெல்லாம் மேசையில் தெறிக்கச் சிரித்தாள்.